தவணை ஒப்பந்தம் போடலாமா, வேண்டாமா? கடனில் நிற்கும் சேலத்துக்காரருக்கான கேள்வி பதில்

செவ்வாய்ப்பேட்டையில் என் மச்சானுக்கு ஒரு சின்னக் கொலுசுப் பட்டறை. கொரோனாவுக்குப் பிறகு கடனில் மாட்டி, ஒரு வங்கியோடு ஒப்பந்தம் போட்டு, அது நடுவிலேயே உடைந்து, மறுபடியும் போட்டு, ஒருவழியாகக் கரையேறினார். ஃபைலைத் தூக்கிக்கொண்டு கூடவே அலைந்தவன் நான். அதிலிருந்து தெருவில் யாருக்குக் கடன் தொல்லை வந்தாலும் என்னிடம்தான் வந்து கேட்கிறார்கள். நான் வக்கீல் இல்லை, ஆனால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றே என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

"முறையான ஏற்பாடு" என்றால் என்ன? மேனேஜரிடம் பேசி "கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுகிறேன்" என்று சொல்லியிருக்கிறேனே, அது போதாதா?

போதாது. அந்த மேனேஜர் அடுத்த மாதம் மாற்றலாகி ஆத்தூர் போய்விட்டால் உங்கள் பேச்சும் அவரோடு போய்விடும். எழுத்தில் இருந்து, வங்கி ஒப்புக்கொண்டு, இரண்டு பக்கமும் கட்டுப்பட்டால்தான் அது ஏற்பாடு.

நம் ஊரில் நடைமுறையில் இருப்பது நான்கு வழி. தவணையைக் குறைத்து வருஷத்தை நீட்டும் மறுசீரமைப்பு ஒன்று. மொத்தத்தில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்துவிட்டு மீதியைக் கட்டி முடிக்கும் ஒன் டைம் செட்டில்மென்ட் இன்னொன்று. மூன்றாவது லோக் அதாலத், அதாவது மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடித்துத் தீர்ப்பாக எழுதி வாங்குவது. கடைசியாக நம்மவர்கள் "மஞ்சள் கடுதாசி" என்று சொல்லும் திவால் மனு. நான்கும் வேறு வேறு விலையில் வரும் சரக்கு, ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எனக்கு இது சரிவருமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஆடி மாதத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள். நான் சொல்ல வருவதில் முக்கியமானது இதுதான், மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

வங்கியில் உங்கள் வருஷ வருமானத்தைப் பன்னிரண்டால் வகுத்துவிடுவார்கள். மாதச் சம்பளக்காரருக்கு அது சரி. பட்டறை, தறி, கடை, ஆட்டோ என்று ஓடும் வீட்டுக்கு அந்தச் சராசரி மாதம் என்று ஒன்று கிடையவே கிடையாது. ஆடியில் முகூர்த்தம் இல்லை, கொலுசு ஆர்டர் படுத்துவிடும், ஆனால் கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்கு வீட்டில் செலவு இருக்கும், ஜூனில் கட்டிய பள்ளிக்கூட ஃபீஸின் வலி இன்னும் போயிருக்காது.

ஒரு கணக்குப் பார்ப்போம். நல்ல மாதம் எட்டு, வருமானம் 41,000 ரூபாய். மந்தமான மாதம் நான்கு, 22,000. சராசரி சுமார் 34,700 வரும். வாடகை, மளிகை, கேஸ், கரண்ட், பிள்ளைகள் படிப்பு, மருந்து எல்லாம் சேர்த்து மாதச் செலவு 20,500. அப்படியானால் 14,200 மிச்சம், 12,000 தவணை தாராளமாகக் கட்டலாம் என்று வங்கிக்காரர் சொல்வார். காகிதத்தில் அவர் சொல்வது தப்பே இல்லை. ஆனால் ஆடி மாதம் உங்கள் கையில் மிஞ்சுவது 1,500 ரூபாய். மீதி 10,500-க்கு எங்கே போவீர்கள்? தினசரி வசூலுக்குக் கடன் கொடுக்கும் தண்டல்காரரிடம். அங்கேதான் ஒப்பந்தம் உடைகிறது, என் மச்சானின் முதல் ஒப்பந்தம் உடைந்ததும் சரியாக அப்படித்தான்.

இதற்கு இரண்டு தீர்வு. நான்கு மந்த மாதத்துக்கும் தேவைப்படும் 42,000 ரூபாயை நல்ல மாதங்களில் தனியாக எடுத்து வைத்த பிறகு கையெழுத்துப் போடலாம். நல்ல மாதத்தில் தவணை போக 8,500 நிற்கிறது, ஐந்து மாதத்தில் தொகை சேர்ந்துவிடும். இல்லையென்றால் தவணையையே சமமில்லாமல் கேளுங்கள், நல்ல மாதத்தில் கூட, மந்த மாதத்தில் குறைவாக. "சிஸ்டம் ஏற்காது சார்" என்பார்கள். எழுத்தில் கேட்டுப் பாருங்கள், சில சமயம் ஏற்கும்.

இரண்டுக்கும் வழியில்லை, நல்ல மாதத்திலேயே வீட்டுச் செலவு போக ஒன்றும் நிற்கவில்லை என்றால் மறுசீரமைப்பு உங்களுக்கானது இல்லை. கையெழுத்துப் போடாதீர்கள்.

ஏற்காட்டில் கொஞ்சம் காபித் தோட்டம் இருக்கிறது. எங்களுக்கு ஆடி இல்லை, மழைக்காலம் முழுக்கவே வருமானம் இல்லை. என்ன செய்வது?

அப்போது மாதத் தவணை என்ற பேச்சுக்கே போகாதீர்கள். பழம் பறிப்பு கார்த்திகை, மார்கழி, தையில், அதன் பிறகு மிளகு. பணம் வரும் காலம் அதுதான், தவணையும் அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ என்று கேளுங்கள். தவணை 90 நாள் தவறினால் வாராக்கடன் என்ற விதி பயிர்க்கடனுக்குக் கிடையாது, அறுவடைப் பருவத்தை வைத்துத்தான் கணக்கு, அதனால் உங்கள் கோரிக்கை ஒன்றும் புதுசு இல்லை. அப்புறம் ஒன்று, அடமானச் சொத்தை கோர்ட்டுக்குப் போகாமலே வங்கி எடுக்க வழி தரும் சர்ஃபாசி சட்டத்தில் விவசாய நிலத்தை எடுக்க முடியாது என்பதை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள். விலக்கு உண்டுதான், ஆனால் அங்கே உண்மையில் விவசாயம் நடக்கிறதா என்று நீதிமன்றம் பார்க்கும், காகிதத்தில் விவசாய நிலம் என்று இருந்தால் மட்டும் போதாது.

மறுசீரமைப்பில் எனக்கு என்ன நஷ்டம்? தவணை குறைகிறதே, நல்லதுதானே?

மூச்சுவிட இடம் கிடைக்கும், ஆனால் அதற்குக் காசு உண்டு. 5 லட்சம் ரூபாய், 12 சதவீத வட்டி. மூன்று வருஷத்தில் கட்டினால் மாதம் சுமார் 16,600, மொத்த வட்டி 98,000-க்குக் கொஞ்சம் கீழே. அதையே ஆறு வருஷமாக நீட்டினால் மாதம் 9,775 ஆகிவிடும், வட்டி மட்டும் 2 லட்சத்தைத் தாண்டும். தெரிந்தே கொடுத்தால் அந்தக் கூடுதல் ஒரு லட்சம் நியாயமான விலைதான், பட்டறை பிழைக்கும் என்றால் நானும் கொடுப்பேன். தெரியாமல் கொடுப்பதுதான் வயிற்றெரிச்சல்.

இன்னொன்றும் பாருங்கள். பழைய அபராதங்களை எல்லாம் அசலோடு சேர்த்துப் புதுக் கடனாக எழுதுகிறார்களா என்று வரிவரியாகக் கேளுங்கள். அபராதத்தை வட்டியாகப் போட்டு, அதன்மேல் மறுபடி வட்டி ஏற்றக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2023-லேயே சொல்லிவிட்டது.

செட்டில்மென்ட்டில் பாதி தள்ளுபடி என்கிறார்கள். அதுவே நல்லது இல்லையா?

பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. வீட்டில் சும்மா கிடக்கும் நகையை விற்றோ, ஒரு சென்ட் இடத்தை விற்றோ கட்டுகிறீர்கள் என்றால் யோசிக்கலாம். செட்டில்மென்ட் கட்டுவதற்காக மீட்டர் வட்டிக்கு வாங்குகிறீர்கள் என்றால், வங்கி வேட்டியை விட்டுவிடும், வட்டிக்காரர் கோவணத்தையும் உருவுவார்.

உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் அந்தக் கடன் "முடிந்தது" என்று வராது, "செட்டில் செய்யப்பட்டது" என்று வரும். அடுத்து கடன் கேட்டுப் போகிற இடத்தில் எல்லாம் அதைப் பார்ப்பார்கள். அதோடு, சமரசம் செய்துகொண்ட வங்கி குறைந்தது 12 மாதத்துக்கு உங்களுக்குப் புதுக் கடன் தரக்கூடாது என்று 2023 ஜூனில் ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது, விவசாயக் கடன் தவிர. மகளுக்குக் கல்விக்கடன் அடுத்த வருஷம் தேவைப்படும் என்றால் இதை இப்போதே எண்ணிப் பாருங்கள்.

முதல் ரூபாய் கட்டுவதற்கு முன்னால் கடிதம் கையில் இருக்க வேண்டும். வங்கியின் தலைப்புத் தாளில், எவ்வளவு, எந்தத் தேதிக்குள், அதோடு முழுக் கணக்கும் தீர்ந்தது என்று. ஜாமீன்தாரரையும் விடுவிக்கிறோம், போட்ட வழக்கை வாபஸ் வாங்குகிறோம், பத்திரத்தைத் திருப்பித் தருகிறோம் என்ற வரிகள் இருக்கின்றனவா பாருங்கள். வசூல் ஏஜெண்ட் வாட்ஸப்பில் அனுப்பும் செய்தி கடிதம் ஆகாது, அவருடைய சொந்த ஜிபே எண்ணுக்குப் பணம் போடுவது தற்கொலைக்குச் சமம். கடன் தீர்ந்து 30 நாளுக்குள் சொத்துப் பத்திரம் திரும்பி வர வேண்டும். வங்கித் தரப்பில் தாமதமானால் ஒரு நாளைக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்ற விதி 2023 டிசம்பரிலிருந்து இருக்கிறது. கேட்டால்தான் தருவார்கள்.

லோக் அதாலத்துக்குப் போனால் என்ன வித்தியாசம்?

எனக்குப் பிடித்த வழி இதுதான். கட்டணம் இல்லை, ஏற்கெனவே வழக்குப் போட்டிருந்தால் நீதிமன்றக் கட்டணம்கூடத் திரும்பி வரும். வழக்கு போடாத நிலையிலும் எடுப்பார்கள். அங்கே எழுதப்படும் முடிவு சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. இந்தக் கடைசி வரியைத்தான் மக்கள் கவனிப்பதில்லை. வங்கி பின்வாங்க முடியாது, சரி. நீங்களும் முடியாது! அன்றைக்கு அந்தக் கூட்டத்தில், நீதிபதி முன்னால், "சீக்கிரம் சொல்லுங்க" என்ற அவசரத்தில் தலையாட்டிவிட்டு வந்தால், ஆறு மாதம் கழித்துத் தவணை தவறும்போது அந்தத் தீர்ப்பை வைத்தே ஜப்திக்கு வருவார்கள். ஆடிக் கணக்கை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போங்கள். அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும் "அடுத்த அமர்வுக்கு வருகிறேன்" என்று எழுந்து வந்துவிடலாம், யாரும் பிடித்து வைக்க முடியாது.

மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு அஸ்தம்பட்டி கோர்ட் வளாகத்தில் இருக்கிறது. இலவச சட்ட உதவிக்கான தொலைபேசி எண் 15100.

வங்கிக் கடன் ஒன்று, மகளிர் குழுக்கடன் இரண்டு, மொபைல் செயலியில் ஒன்று, தண்டல் ஒன்று. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே ஏற்பாடாகப் போட முடியுமா?

முடியாது, இதுதான் நம் நாட்டில் பெரிய குறை. சில நாடுகளில் எல்லாக் கடனையும் ஒரே தவணையாக்கி, ஒருவரிடம் கட்டினால் அவர் பிரித்துக் கொடுக்கும் சட்ட ஏற்பாடு இருக்கிறது. இங்கே 2016-இன் திவால் சட்டத்தில் தனிநபருக்கும் அப்படி ஒரு பகுதியை எழுதி வைத்தார்கள், ஆனால் கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பரில் அமலுக்குக் கொண்டுவந்துவிட்டு, நம்மைப் போன்றவர்களுக்கு அதைத் திறந்துவிடவில்லை. அதனால் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகத்தான் பேச வேண்டும், வங்கியோடு போட்ட ஒப்பந்தம் தண்டல்காரரைக் கட்டுப்படுத்தாது.

நடைமுறையில் என்ன ஆகிறது என்றால், தினமும் வாசலில் வந்து நிற்பவருக்குத்தான் முதல் பணம் போகிறது. வட்டி அதிகமான இடம் அதுதான், ஆனால் பயத்தில் கொடுக்கிறோமே தவிரக் கணக்குப் போட்டுக் கொடுப்பதில்லை. வங்கித் தவணைக்கென்று எடுத்து வைத்தது அதில் கரைகிறது. வங்கியில் கையெழுத்துப் போடும் முன்னால் இந்தத் தினசரிக் கடனை அடைக்கவோ நிறுத்தவோ ஒரு வழி வேண்டும். தமிழ்நாட்டில் 2003-இல் வந்த கந்துவட்டித் தடைச் சட்டம் கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே தடை செய்கிறது, மூன்று வருஷம் வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். அசலையும் சட்டப்படியான வட்டியையும் கோர்ட்டில் கட்டிவிட்டுக் கடன் தீர்ந்ததாகப் பதிவு செய்யக் கேட்கும் வழியும் அதில் உண்டு.

குழுக்கடனுக்கு, வருஷ வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்தின் எல்லாத் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்பது 2022-இலிருந்து ரிசர்வ் வங்கி விதி. தாண்டி இருக்கிறது என்றால் கொடுத்த நிறுவனமும் ஒழுங்காகக் கணக்குப் பார்க்கவில்லை என்று அர்த்தம், பேசும்போது அதைச் சொல்லுங்கள். காலை 9-க்கு முன்னும் மாலை 6-க்குப் பின்னும் வசூலுக்கு வரக்கூடாது. வங்கிக் கடன் என்றால் போன் காலை 8 முதல் மாலை 7 வரைதான். மீறினால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார், 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர், எண் 14448.

பேசாமல் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டால்?

திவால் நோட்டீஸ் மஞ்சள் தாளில் வந்த காலத்துப் பெயர் இது, இன்னும் நம் வாயில் இருக்கிறது. சென்னைக்கு வெளியே, நம் சேலத்துக்கெல்லாம், இன்றைக்கும் 1920-ஆம் வருஷத்து மாகாணத் திவால் சட்டம்தான். எவ்வளவு பழசு என்றால், 500 ரூபாய் கடன் இருந்தாலே மனுப் போடலாம் என்று அதில் இருக்கிறது, சொத்து மதிப்பு கடனில் ரூபாய்க்கு எட்டணாவுக்குக் கீழே, அதாவது பாதிக்குக் கீழே இருந்தால் கடைசியில் கடனிலிருந்து விடுதலை உத்தரவு கிடைப்பது கஷ்டம் என்று அணாக் கணக்கிலேயே பேசும்.

"கொடுத்துட்டான், எல்லாம் போச்சு, நிம்மதியா இருக்கான்" என்று டீக்கடையில் சொல்வதை நம்பாதீர்கள். மனுப் போட்டதோடு கடன் அழியாது. நீதிமன்றம் உங்களைத் திவாலானவர் என்று அறிவித்தால் உங்கள் சொத்து நீதிமன்றத்தின் கைக்கோ அது நியமிக்கும் ரிசீவர் கைக்கோ போய்விடும். அதற்குப் பிறகு விடுதலை கேட்டுத் தனியாக மனுப் போட்டு, அது கிடைத்தால்தான் கடனிலிருந்து வெளியே. மனுவுக்கு முன்னால் வீட்டை மனைவி பேருக்கு எழுதி வைத்திருந்தால் அதையும் கிளறுவார்கள். வீட்டை அடமானம் வாங்கிய வங்கியை இது தடுக்காது, அது தன் வழியில் வந்து எடுத்துக்கொள்ளும்.

இதே சட்டத்துக்குள் யாரும் பேசாத ஒரு கதவு இருக்கிறது. திவால் அறிவிப்புக்குப் பிறகு, "இவ்வளவு தருகிறேன், இந்த முறையில் தருகிறேன்" என்று கடன் கொடுத்தவர்கள் முன்னால் ஒரு திட்டம் வைக்கலாம். கூட்டத்துக்கு வந்தவர்களில் எண்ணிக்கையில் பாதிக்கு மேலும், தொகையில் முக்கால் பங்கும் ஒப்புக்கொண்டு, நீதிமன்றமும் ஏற்றால் அது நடைமுறைக்கு வரும். பல பேரிடம் கைமாத்து வாங்கி நிற்பவருக்கு, அடமானம் எதுவும் இல்லாதவருக்கு, இது யோசிக்கத்தக்கது. ஆனால் வக்கீல் இல்லாமல் வேண்டாம், அவசரத்திலும் வேண்டாம்.

கட்டாவிட்டால் ஜெயிலா?

கடன் கட்ட முடியாதது குற்றம் இல்லை. வசதி இருந்தும் வேண்டுமென்றே கட்டாமல் இருந்தால்தான் சிவில் கோர்ட் சிறை பற்றி யோசிக்கும், பணத் தீர்ப்புக்காகப் பெண்களைக் கைது செய்யவே முடியாது. கைத்தொழில் செய்பவரின் கருவிகளையும் ஜப்தி செய்யக்கூடாது, பட்டறைக்காரர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். செக் கொடுத்து அது திரும்பினால் மட்டும் கதை வேறு, அது குற்ற வழக்கு. நோட்டீஸ் கைக்கு வந்த 15 நாளுக்குள் கட்டாவிட்டால் வழக்குப் போடலாம், இரண்டு வருஷம் வரை தண்டனை உண்டு. ஆகவே ஒப்பந்தத்தின்போது தேதி போடாத செக் கேட்டால் தயவுசெய்து யோசியுங்கள்.

மாமனார் ஜாமீன் போட்டிருக்கிறார். ஒப்பந்தம் போட்டால் அவர் தப்பிப்பாரா?

தானாகத் தப்ப மாட்டார். உங்களுக்கு உள்ள பொறுப்பு முழுக்க அவருக்கும் உண்டு, உங்களை விட்டுவிட்டு நேராக அவரிடமே போகலாம். மறுசீரமைப்பில் அவர் கையெழுத்தையும் கேட்பார்கள், ஏனென்றால் அவரைக் கேட்காமல் ஒப்பந்தத்தை மாற்றினால் ஜாமீன் பொறுப்பு போய்விடும் என்பது 1872-ஆம் வருஷ ஒப்பந்தச் சட்டம். அவர் கையெழுத்துக்கு மதிப்பு இருக்கிறது என்று தெரிந்து பேசுங்கள், அவரிடம் மறைக்காதீர்கள். பொங்கலுக்குப் போன இடத்தில் நோட்டீஸ் வந்து விஷயம் தெரிவது மாதிரி அசிங்கம் வேறு இல்லை.

"80 சதவீதம் குறைத்துத் தருகிறோம், தவணை கட்டுவதை நிறுத்துங்கள்" என்று ஒரு கம்பெனி போன் செய்கிறது.

போனை வையுங்கள். முன்பணமும் மாதக் கட்டணமும் வாங்கிக்கொண்டு அவர்கள் செய்வது, நீங்களே எழுதக்கூடிய கடிதத்தை எழுதுவதுதான். கட்டுவதை நிறுத்தினால் 90 நாளில் வாராக்கடன், அடமானக் கடன் என்றால் அதன் பிறகு 60 நாள் நோட்டீஸ், பிறகு வீட்டுச் சுவரில் தாள். அந்த நேரத்தில் கம்பெனிக்காரர் போனை எடுக்க மாட்டார்.

சரி, எப்போது, எப்படிக் கேட்பது?

90 நாள் ஆவதற்கு முன்னால். முதல் தவணை தவறிய அன்றைக்கே போனால் இன்னும் நல்லது. பட்டறையோ தறியோ சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவோடு நடத்துகிறீர்கள் என்றால், நலிவடையும் சிறு தொழில்களுக்கென்று 2015-இல் வந்த ஏற்பாடு ஒன்று இருக்கிறது. வங்கியில் உள்ள குழுவுக்கு நீங்களே விண்ணப்பித்து, வாராக்கடனாக அறிவிக்கும் முன்பே பரிசீலிக்கச் சொல்லலாம். கிளையில் தெரியாது என்றுதான் சொல்வார்கள், நீங்கள் எழுதிக் கொடுத்து சீல் வாங்குங்கள்.

கடிதம் ஒரு பக்கம் போதும்: ஏன் தவறியது, மாதவாரியாக வருமானம் செலவு, நான் கட்டக்கூடியது இவ்வளவு, எந்த மாதத்திலிருந்து. ஒரே ஒரு எச்சரிக்கை. மிகப் பழைய கடன், ஏறக்குறைய மூன்று வருஷமாக நீங்கள் கட்டவும் இல்லை, வங்கி வழக்குப் போடவும் இல்லை என்றால் கடிதம் எழுதும் முன் சட்ட உதவி மையத்தில் கேட்டுவிடுங்கள். வங்கி வழக்குப் போட உள்ள மூன்று வருஷக் காலக்கெடு முடிவதற்குள் எழுத்தில் கடனை ஒப்புக்கொண்டால் கெடு அன்றிலிருந்து மறுபடி தொடங்கும்.

ஒப்பந்தம் போட்ட பிறகு ஒரு தவணை தவறினால்?

பெரும்பாலான கடிதங்களில் ஒரு வரி இருக்கும்: தவறினால் சலுகை ரத்து, பழைய கணக்கு அப்படியே திரும்பும், கட்டியது வரவு வைக்கப்படும். அந்த வரியைக் கையெழுத்துக்கு முன் தேடி, குறைந்தது 30 நாள் அவகாசமாவது சேர்க்கச் சொல்லுங்கள். தவறப்போகிறது என்று தெரிந்தால் தேதிக்கு முன்பே எழுதிக் கொடுங்கள், முடிந்த தொகையைக் கட்டி ரசீது வாங்குங்கள். மச்சானின் இரண்டாவது ஒப்பந்தத்தில் மாதத் தவணை 7,500 என்று இறங்கி வந்தார்கள், முதலாவதைவிட ஒரு வருஷம் கூட ஆனது. அந்த ஆடியில் அவர் தவணையைக் கட்டிவிட்டுத்தான் கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போனார்.